பள்ளிக்கூடச் சாலைக்கு நடைபாதை: 'நிதி இல்லை' என்ற பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

உங்கள் நகராட்சியில் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் ஒன்றரைக் கிலோமீட்டர் சாலையில் நடைபாதை இல்லை, பிள்ளைகள் லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே சைக்கிளில் போகிறார்கள், நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் அரசு மானியம் உண்டா, குடியிருப்போர் சங்கம் நேராக விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று மனு கொடுத்தும் 'நிதி இல்லை' என்றே பதில் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் உண்மையான கேள்வி மானியத்தின் பெயர் என்ன என்பது இல்லை, அந்தப் பதிலை நம்பலாமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்ட பதில்களைத் தயார் செய்யும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன்.

நேரான பதில்: சங்கம் விண்ணப்பித்து வாங்கக்கூடிய 'நடைபாதை மானியம்' என்று தமிழ்நாட்டில் தனியாக ஒன்று கிடையாது. ஆகவே நகராட்சி சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. சிறு நகரங்களில் நடைபாதை எப்போதும் வேறொரு வேலையின் முதுகில் ஏறித்தான் வருகிறது. மழைநீர் வடிகால் கட்டுவார்கள், அதன் மேல் சிலாப் போடுவார்கள், அதுவே நடைபாதை. சாலையை அகலப்படுத்துவார்கள், ஓரத்தில் மிஞ்சும் மண்ணில் பேவர் பிளாக் பதிப்பார்கள், அதுவும் நடைபாதை. எனவே நீங்கள் தேட வேண்டியது புதிய நிதியை அல்ல. உங்கள் சாலைக்கு அடுத்து வரப்போகும் வேலை எது, அதன் மதிப்பீடு எந்த மேசையில் இருக்கிறது என்பதைத் தேடுங்கள். மதிப்பீடு தயாராகும்போது நடைபாதையை உள்ளே சேர்ப்பது ஒரு பக்கம் கூடுதலாக எழுதும் வேலை. நிர்வாக அனுமதி வாங்கி ஒப்பந்தப்புள்ளியும் திறந்தபின் சேர்க்கச் சொன்னால், திருத்திய மதிப்பீடு, மறுபடி மன்றத் தீர்மானம், மறுபடி அனுமதி என்று இழுக்கும். எந்தப் பொறியாளரும் அதற்கு முன்வர மாட்டார்.

அதற்கும் முன்னால் ஒன்று. சாலை யாருடையது? மனுக்களில் பாதி இந்த இடத்திலேயே செத்துப்போகின்றன. ஊருக்குள் ஓடுவதால் நகராட்சிச் சாலை என்று நினைத்துவிடுகிறோம். நகராட்சிக்குள் ஓடும் பெரிய சாலைகள் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையவை: மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை என்று ஏதாவது ஒரு வகையில் இருக்கும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லையென்றால் நகராட்சியின் சாலைப் பதிவேட்டில் உங்கள் சாலை இருக்கிறதா என்று கேளுங்கள். நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் உங்கள் ஆணையாளர் மனது வைத்தாலும் தடையின்மைச் சான்று இல்லாமல் ஒரு கல்லைக்கூடப் பதிக்க முடியாது. மனு போக வேண்டிய இடம் நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர், கோட்டப் பொறியாளர். அந்தத் துறை தன் சாலைகளை மேம்படுத்த ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் என்ற தலைப்பில் ஆண்டுதோறும் பணிப் பட்டியல் தயாரிக்கிறது. உங்கள் சாலை அடுத்த பட்டியலில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அந்தத் துறையின் உள்நடைமுறையை வெளியிலிருந்து பார்த்தவன்தான் நான். ஆகவே அந்தப் பக்கத்துக்கு இதற்குமேல் என்னால் உறுதியாக வழி சொல்ல முடியாது.

இனி, நகராட்சிச் சாலைதான் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். அகலம் தெரியாமல் நிதியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. நகர நில அளவைப் பதிவேட்டிலும் புல வரைபடத்திலும், அதாவது எல்லோரும் எஃப்.எம்.பி. என்று சொல்லும் படத்தில், சாலைப் புறம்போக்கு எவ்வளவு அகலம் என்று இருக்கும். அதை வாங்கிக்கொண்டு, டேப்பைப் பிடித்து ஐம்பது மீட்டருக்கு ஓர் இடத்தில் உண்மையில் இருக்கும் அகலத்தை அளந்து எழுதுங்கள். காகிதத்தில் 12 மீட்டர், தரையில் 9 மீட்டர் என்பது சாதாரணம். நடுவில் காணாமல் போன 3 மீட்டரில் கடைப் படிக்கட்டு, வீட்டுச் சாய்தளம், மின்மாற்றி, ஒரு சின்னக் கோயில்கூட இருக்கலாம்.

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) ஐ.ஆர்.சி. 103 என்ற வழிகாட்டுநெறி, நடைபாதையில் தடையில்லாமல் நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. கடைத்தெரு என்றால் அதைவிட அதிகம். ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம்மூரில் வடிகால் சுவர் உயர்ந்த உயரத்துக்கெல்லாம் நடைபாதையும் ஏறி, முட்டியளவுக்கு நிற்கும். வயதானவர்கள் அதில் ஏற மாட்டார்கள், சாலையில்தான் நடப்பார்கள். பிறகு 'நடைபாதை போட்டும் யாரும் நடப்பதில்லை' என்று ஆய்வுக் கூட்டத்தில் பேசுவோம். உங்கள் மனுவில் 1.8, 15 என்ற இரண்டு எண்களையும் எழுதிவிடுங்கள். வழிகாட்டுநெறியின் எண்ணோடு வரும் மனுவை ஒரு பொறியாளர் வேறு விதமாகப் படிப்பார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 12 மீட்டரில் இரண்டு பக்கமும் 1.8 மீட்டர் நடைபாதை என்றால் 3.6 போய்விட்டது. இருவழி வண்டித்தடத்துக்கு 6 முதல் 7 மீட்டர். மிச்சம் 1.4 முதல் 2.4 மீட்டர்தான். அதில்தான் மரமும் மின்கம்பமும் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் தனி சைக்கிள் பாதை என்பது இந்த அகலத்தில் நடக்காது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் அடித்து ஒரு கோடு போட்டுக் கொடுப்பார்கள், மறுநாளே அது பைக் நிறுத்துமிடம் ஆகிவிடும். ஆண்டுதோறும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கும் மாநிலத்தில் அதை ஓட்ட இடம் கேட்பது அநியாயமான கோரிக்கை இல்லை. ஆனாலும் இந்த அகலத்தில் சைக்கிளுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, வண்டிகளின் வேகத்தைக் குறைப்பதுதான். பள்ளி வாசலில், பிள்ளைகள் சாலையைக் கடக்க, நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டிய மேடைக் கடப்பு ஒன்று, அதற்கு முன்னும் பின்னும் முறையான வேகத்தடை. முறையான என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஐ.ஆர்.சி. 99 சொல்லும் வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கும். ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கலவையைக் கொட்டி எழுப்பும் முதுகெலும்பு முறிப்பான் அதில் சேராது. இந்த வேலைகளின் செலவு நடைபாதைச் செலவில் சிறு பங்குதான், அதனால் எந்த நிதியிலும் எளிதாக நுழையும்.

சரி, எந்த நிதி? உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இரண்டிலுமே உறுப்பினர் பரிந்துரைக்கத்தான் முடியும், நிர்வாக அனுமதி கொடுப்பது மாவட்ட நிர்வாகம். சட்டமன்ற நிதியின் கோப்பு, நகராட்சி வேலையாக இருந்தாலும், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக ஓடும். இது தெரியாமல் நகராட்சி அலுவலகத்திலேயே விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். நாடாளுமன்ற உறுப்பினரின் 5 கோடி ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் முழுவதையும் கேட்டால் சிரிப்பார்கள். பள்ளி வாசலிலிருந்து இரு பக்கமும் இருநூறு மீட்டர், மேடைக் கடப்பு ஒன்று என்று கேட்டால் யோசிப்பார்கள்.

அடுத்தது நமக்கு நாமே திட்டம். 1990-களின் இறுதியில் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-இல் மீண்டும் பழைய பெயருக்கே வந்தது. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும் என்பது இதன் அடிப்படை. உங்களைப் போன்ற சங்கத்துக்கு உண்மையில் பொருந்தும் ஒரே கதவு இதுதான் என்பேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் கேட்பவர், இதில் நீங்கள் பங்குதாரர். முன்னாள் மாணவர் சங்கம், உள்ளூர் மில், வணிகர் சங்கம், யார் வேண்டுமானாலும் பங்கைச் செலுத்தலாம். நான் பார்த்த ஓர் ஊரில் பழைய மாணவர்கள் பங்குத் தொகைக்கு வரைவோலை எடுத்துக்கொண்டு வந்து நின்றபிறகு, அதுவரை நகராத கோப்பு அதே மாதத்தில் நகர்ந்தது. மூன்றில் ஒரு பங்கு என்பது வேலையின் விலையில் மட்டும் கணக்கிடப்படுவதில்லை. ஜி.எஸ்.டி., தொழிலாளர் நல நிதி எல்லாம் சேர்ந்த மொத்த மதிப்பீட்டில் கணக்கிடுவார்கள். இதை முன்கூட்டிச் சொல்லாமல் வசூல் செய்தால் கடைசியில் பணம் குறைந்து, சங்கத்துக்குள் சண்டை வரும். நகராட்சி மதிப்பீடு போட்டுக் கையில் கொடுக்கும்வரை ஒரு ரூபாயும் வசூலிக்காதீர்கள்.

மூன்றாவது, நகராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியம், அதாவது மத்திய வரி வருவாயை எப்படிப் பங்கிடலாம் என்று சொல்லும் குழுவின் பரிந்துரைப்படி வரும் பணம். 15-ஆவது நிதிக்குழுவின் காலமான 2021-26-இல், உங்கள் ஊர் போன்ற நகரங்களுக்கான மானியத்தில் பெரும்பங்கு குடிநீர், சுகாதாரம் என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. மீதிப் பங்கை உள்ளூர்த் தேவைக்குச் செலவிடலாம். ஏப்ரல் 2026 முதல் அடுத்த நிதிக்குழுவின் காலம். விதிகள் மாறும் என்பதால் அலுவலகத்தில் நடப்பு ஆணையின் நகலைக் கேளுங்கள். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நகர்ப்புறச் சாலை உட்கட்டமைப்பு நிதி என்று மாநில அரசின் தலைப்புகளும் உண்டு. இவற்றுக்குச் சங்கம் நேராக மனுப் போட வழியில்லை. நகராட்சி தன் பணிப் பட்டியலைச் சென்னையில் இருக்கும் நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்கு அனுப்பும். அந்தப் பட்டியலில் உங்கள் சாலை ஏற வேண்டும் என்றால் உங்கள் வார்டு உறுப்பினர்தான் முதல் படி. அவரைத் தவிர்த்துவிட்டு மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனுக் கொடுத்தால், மனு சுற்றிச் சுற்றி அதே உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும். நீங்கள் பெற்ற மூன்று பதில்களும் அநேகமாக அப்படி வந்தவையே.

சாலைப் பாதுகாப்பு நிதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது. காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து, உள்ளாட்சி அதிகாரிகள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் அபூர்வமான இடம் அது. பெரிய கட்டுமானத்துக்கு அங்கே பணம் கிடைக்காது. எச்சரிக்கைப் பலகை, ஒளிரும் விளக்கு, தடுப்பு, கடப்புக் கோடு, வேகத்தடை போன்றவை கிடைக்கும். அங்கே பேசுவது விபத்துக் கணக்கு. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்பது மத்திய அரசின் புள்ளிவிவரம். ஆனால் அந்தக் கூட்டத்தில் இந்த எண் எதையும் அசைக்காது. உங்கள் சாலையில், பள்ளியிலிருந்து எத்தனை மீட்டரில், எந்த நேரத்தில் விபத்து நடந்தது என்பதுதான் அசைக்கும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிக் கொடுத்த விபத்துத் தரவுத்தளத்தில் காவல்துறை இப்போது விபத்து நடந்த இடத்தையும் பதிகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு உங்கள் சாலைக்கான விவரத்தைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அதோடு நீங்களே எண்ணுங்கள். பள்ளி நாள் இரண்டில், காலை எட்டு முதல் ஒன்பதரை வரை, கால் மணிக்கு ஒரு முறை கோடு போட்டு: நடந்து போகிறவர்கள், சைக்கிள், பைக், கார், பேருந்து, லாரி. பெண் பிள்ளைகளைத் தனியாக எண்ணினால் இன்னும் நல்லது. தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம், அளந்த அகலங்களின் பட்டியல், நான்கைந்து படங்கள். இவ்வளவும் சேர்ந்தால் அது மனு இல்லை, பாதி மதிப்பீடு. உதவிப் பொறியாளருக்கு ஒரு வார அலைச்சலை மிச்சப்படுத்தியிருப்பீர்கள். அவர் அதை வெளியில் சொல்ல மாட்டார், ஆனால் உங்கள் கோப்பை முதலில் எடுப்பார். மனுவின் முதல் பத்தியில் பிள்ளைகளின் எண்ணிக்கை, இரண்டாவதில் கேட்கும் வேலை, மூன்றாவதில் அகலக் கணக்கு. ஒரு பக்கம் போதும். சமூக அக்கறை, வருங்காலத் தூண்கள் எல்லாம் வேண்டாம்.

நீதிமன்றத் தீர்ப்புகளைக் காட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று சொன்னது. ஒரு வரியில் குறிப்பிடுங்கள், தவறில்லை. ஆனால் நான் வழக்கறிஞன் இல்லை, வழக்குப் போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன். என் அனுபவத்தில் தெரிந்தது, வழக்கு என்ற சொல் வந்ததும் பொறியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சட்டப் பிரிவுக்குக் கோப்பை அனுப்பிவிடுவார் என்பது மட்டும். கொள்கை ஆவணங்களுக்கும் இதே கதிதான். சென்னை மாநகராட்சி 2014-இலேயே, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்று, போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று எழுதிவைத்தது. நல்ல கொள்கை. சென்னைத் தெருக்களில் நடந்து பார்த்தால் எழுத்துக்கும் தரைக்கும் உள்ள தூரம் தெரியும். பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தைப் படம் பிடித்து மனுவோடு இணைக்கும் பழக்கமும் சங்கங்களுக்கு இருக்கிறது. 2019-இல் திறந்த அந்த வேலை பொலிவுறு நகரத் திட்டத்தின் பணத்தில், ஏறத்தாழ 40 கோடியில் நடந்தது. உங்கள் ஆணையாளர் அந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் நினைப்பது 40 கோடியைத்தான்.

நிதி கிடைப்பதைவிடக் கடினமான கட்டம் ஒன்று இருக்கிறது. நடைபாதைக்கு முதல் எதிர்ப்பு அரசிடமிருந்து வராது, கடைக்காரர்களிடமிருந்து வரும். படியை இடிக்க வேண்டும், வாசலில் பைக் நிறுத்த முடியாது, வியாபாரம் போய்விடும் என்பார்கள். அவர்களில் பலர் உங்கள் வார்டு உறுப்பினருக்கு உங்களைவிட நெருக்கமானவர்கள். மனுக் கொடுக்கும் முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசி, இரண்டு பேரிடமாவது கையெழுத்து வாங்குங்கள். தள்ளுவண்டி வைத்திருப்பவர்களை அகற்றச் சொல்லி மனுவில் எழுதாதீர்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பும் நகர விற்பனைக் குழுவின் முடிவும் இல்லாமல் அவர்களை எடுக்க முடியாது. தவிர, மாலையில் பிள்ளைகள் தின்பண்டம் வாங்குவதும் அவர்களிடம்தான். அவர்களுக்கான இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுவது நல்லது. மின்கம்பத்தை நகர்த்துவது மின்வாரியத்தில் பணம் கட்டிச் செய்யும் டெபாசிட் வேலை. அந்தத் தொகையை மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்டால், நடைபாதையின் நடுவே கம்பம் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி உங்கள் ஊரிலும் அரங்கேறும்.

காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சியின் வரவுசெலவு ஜனவரி, பிப்ரவரியில் உருவாகும். மார்ச்சில் கொடுக்கும் மனுவுக்கு அந்த ஆண்டில் உயிர் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் அளவும் எண்ணிக்கையும் முடித்து, நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் பகுதி சபா, அதாவது கிராம சபைபோல வார்டு மக்கள் கூடும் கூட்டம், நடந்தால் அங்கே வாயால் கேட்டு நடவடிக்கைக் குறிப்பில் பதியவையுங்கள். 2022-இல்தான் நகரங்களில் பகுதி சபா தொடங்கியது. பல ஊர்களில் கூட்டம் ஒழுங்காக நடப்பதில்லை, உங்கள் ஊரில் நடக்குமா என்பது உங்கள் வார்டு உறுப்பினரைப் பொறுத்தது. பக்கத்து ஊராட்சியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் அங்கே கிராம சபையில் தீர்மானம் வாங்குவது இதைவிடச் சுலபம். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதி முடியும்வரை புதிய அனுமதி எதுவும் கிடைக்காது.

அனுமதி வந்தபிறகும் ஒரு வேலை இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட மதிப்பீட்டின் நகலை வாங்கி, அதில் நடைபாதையின் அகலம், ஓரக்கல் உயரம், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குறுக்குச் சந்திலும் சாய்தளம் என்ன சரிவில் என்பதைப் பாருங்கள். ஒப்பந்ததாரர் முதல் இருபது மீட்டரைப் போட்டதும் டேப்போடு போய் அளந்துவிடுங்கள். உயரமோ அகலமோ தவறாக இருந்தால் அன்று சொன்னால் பிரித்துப் போடுவார்கள். அளவுப் புத்தகத்தில் பதிந்து பில் போட்டபின் சொன்னால், அந்தத் தவறை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் ஒப்புக்கொள்பவரின் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள்.